குறட்டையும் ஒரு வேக்குவம் கிளீனரும்

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் மாற்றாமல் தந்திருக்கிறேன்.)



மதியச் சாப்பாடு முடிந்து, பாயசம் குடித்து, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, "தம்பி, நீ தூக்கத்தைப் பத்திப் பேசு" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். எவ்வளவு குறும்பு பாருங்கள்! யாராவது கண் அயர்ந்தால் தலைப்புக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் குறட்டை விட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் தயவுசெய்து சிரிக்க வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல், 2009 பேட்ச். டாக்டர் இல்லை. பம்பும் பைப்பும்தான் என் தொழில். அப்புறம் எதற்கு இந்தத் தலைப்பு? இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் ஹாஸ்டல் அறை. இன்னொன்று, திண்டிவனம் பைபாஸ்.

முதலில் ஹாஸ்டல். மூன்றாம் ஆண்டில் எங்கள் அறையில் மூன்று பேர். அதில் ஒருவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'டீசல்'. படுத்த ஐந்தாவது நிமிஷம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். நடுநடுவே எஞ்சின் நின்று போகும். சத்தமே இருக்காது. "அப்பாடா" என்று நாங்கள் கண்ணை மூடும்போது, ஒரு பெரிய திணறலோடு மறுபடி கிளம்பும். ஹாஸ்டல் டே அன்றைக்கு அந்தச் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து மைக்கில் போட்டோம். மெஸ் ஹாலே அதிர்ந்தது. அவனும் சேர்ந்துதான் சிரித்தான். பதிவு செய்தவன் நான்.

வகுப்பில் அவன் தூங்குவான். பின்னால் போய் நில் என்றால், சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குவான். இறுதியாண்டில் ஆறு அரியர். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்கார முடியவில்லை. "சோம்பேறி" என்றோம். ஆசிரியர்கள் சொன்னார்கள், நாங்கள் சொன்னோம், அவன் வீட்டிலும் சொன்னார்கள்.

இப்போது திண்டிவனம். 2023 பொங்கல் முடிந்து ஊரிலிருந்து குடும்பத்தோடு சென்னை திரும்பிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. முந்தின இரவு ஒன்பதரைக்கே படுத்துவிட்டேன், எட்டு மணி நேரம் நல்ல தூக்கம் என்றுதான் நினைப்பு. வண்டியில் என் மனைவி, பின் சீட்டில் நாலு வயசுப் பெண். அடுத்து எனக்கு நினைவில் இருப்பது தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் இடது பக்கத் தடுப்பை உரசிக்கொண்டே வண்டி போகிறது. எப்படியோ நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் லாரி எதுவும் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். உண்மையில் எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு டாக்டரிடம் போனோம். "குறட்டை உண்டா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். என் மனைவி குறுக்கிட்டாள். "டாக்டர், குறட்டை கேட்டாக்கூட எனக்கு நிம்மதிதான். அது நின்னு போயிடும். இவரு மூச்சே விடமாட்டாரு. நான் இருட்டுல படுத்துக்கிட்டு ஒன்னு, ரெண்டுன்னு எண்ணுவேன். முப்பது வந்துட்டா தோளைப் பிடிச்சு உலுக்குவேன்." கல்யாணமாகி ஏழு வருஷம். அவள் ராத்திரியில் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தலை, தாடை, மார்பு, கால் எல்லாம் ஒயர் ஒட்டி, விரலில் ஒரு கிளிப் மாட்டி, ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ரிப்போர்ட் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 41 முறை மூச்சு அடைபட்டோ குறைந்தோ போயிருக்கிறது. ஐந்துக்குக் கீழே இருந்தால் சாதாரணம். முப்பதைத் தாண்டினால் தீவிரம். ஏழு மணி நேரத் தூக்கத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 287 முறை. ஒவ்வொரு முறையும் மூளை அலறி அடித்து ஒரு நொடி விழித்து மூச்சை மீட்டிருக்கிறது. காலையில் அது ஒன்றுகூட நினைவில்லை. நான் எட்டு மணி நேரம் தூங்கவில்லை நண்பர்களே, படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் மூச்சடைப்பு என்று சொல்லலாம். டாக்டர் படம் வரைந்து விளக்கினார். எனக்கோ நம்ம ஊர் பம்புசெட்தான் கண்ணில் தெரிந்தது. உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

கிணற்றில் மோட்டார் வைத்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வெளியே தள்ளும் பக்கத்துக்கு, சுருட்டி மடித்து வைக்கிற தட்டை ஓஸ் போதும். உள்ளே அழுத்தம் இருக்கிற வரை அது உருண்டையாக உப்பி நிற்கும். அதே ஓஸை உறிஞ்சும் பக்கம் மாட்டினால்? மோட்டாரைப் போட்டதும் ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு ஏறாது. அதனால்தான் உறிஞ்சும் பக்கத்துக்கு வளையம் வளையமாக வரி போட்ட கெட்டி ஓஸ்.

நம் உடம்பும் அப்படித்தான். மூச்சை இழுப்பது என்பது உறிஞ்சுவது. மூக்கு எலும்பாலும் குருத்தெலும்பாலும் ஆனது, கெட்டி. கீழே மூச்சுக்குழலில் குருத்தெலும்பு வளையங்கள், அதுவும் கெட்டி. இரண்டுக்கும் நடுவே தொண்டை மட்டும் வளையமில்லாத வெறும் சதை. விழித்திருக்கும்போது தசைகள் அதை இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் தசை தளர்கிறது. குழாய் கொஞ்சம் சுருங்கினால் சதை படபடக்கும், அது குறட்டை. முழுதும் ஒட்டிக்கொண்டால் மூச்சு நிற்கும். கழுத்துப் பருமன், பின்வாங்கிய தாடை, உள்நாக்கு, டான்சில் இவையெல்லாம் குழாயின் விட்டத்தைக் குறைக்கிற சமாசாரங்கள்.

இந்த நோய்க்குக் கைவைத்தியம் போல ஒரு இயந்திரம் கண்டுபிடித்தவரைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். அவர் பெயர் காலின் சல்லிவன். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர், ஆராய்ச்சியாளர்.

அவருக்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். தூக்கம் என்பது வெறுமனே சுவிட்சை அணைப்பது இல்லை, அதற்குள்ளும் கட்டங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டதே சமீபத்தில்தான். 1953ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளெயிட்மன் என்ற இருவர், மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக உருளும் ஒரு கட்டம் இருப்பதை வெளியிட்டார்கள். கனவு அதிகம் வருகிற கட்டம் அது. அந்தக் கட்டத்தில் உடம்பின் தசைகள் அநேகமாக முழுவதும் தளர்ந்துவிடும். தொண்டைக்கு ஆபத்தான நேரமும் அதுவே. 1965ல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்த ஆய்வாளர்கள் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கருவிகளில் பதிவு செய்தார்கள். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்லமினோவும் வில்லியம் டிமென்ட்டும் இதை ஒரு தனி நோயாக வரையறுத்துக் காட்டினார்கள்.

நோய் தெரிந்துவிட்டது. வைத்தியம்? தீவிரமாக இருந்தால் கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாய் செருகுவது! பகலில் மூடி வைக்கலாம், இரவில் திறந்துவிட வேண்டும். நம் பாஷையில் சொன்னால், ஒட்டிக்கொள்ளும் ஓஸைத் தாண்டி ஒரு பைபாஸ் லைன். வேலை செய்யும். உயிர் பிழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் ஓட்டையோடு இருக்க யார் சம்மதிப்பார்கள்?

சல்லிவன் 1970களின் பின்பகுதியில் கனடாவின் டொராண்டோவில் எலியட் பிலிப்சன் என்ற பேராசிரியரிடம் வேலை செய்தார். என்ன வேலை? தூங்கும் நாய்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்று பார்ப்பது. "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று நம் வீட்டில் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த வேலையில்தான் தூக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மூச்சை உடம்பு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று நுணுக்கமாகப் படித்துக்கொண்டார். பிறகு சிட்னிக்குத் திரும்பினார்.

1980 ஜூன் மாதம். தீவிரமான மூச்சடைப்போடு ஒரு கட்டடத் தொழிலாளி அவரிடம் வந்தார். கழுத்தில் ஓட்டை போடுவதுதான் வழி. அந்த மனிதருக்கு அதில் விருப்பமில்லை. "ஒரே ஒரு இரவு வேறு ஒன்றை முயன்று பார்க்கலாமா?" என்றதற்கு ஒத்துக்கொண்டார்.

சல்லிவன் யோசித்தது இதுதான்: உறிஞ்சும் பக்கத்து ஓஸ் ஒட்டிக்கொள்கிறதா? சரி, அதைத் தள்ளும் பக்கத்து ஓஸாக மாற்றிவிடு! மூக்கு வழியாகக் கொஞ்சம் அழுத்தத்தோடு காற்றைத் தொடர்ந்து செலுத்து. தொண்டை உள்ளிருந்து உப்பித் திறந்தே நிற்கும். கட்டுப் போட்டுக் கையை நிறுத்துகிற மாதிரி, காற்றாலேயே ஒரு கட்டு. மூச்சு விடுவது என்னவோ நோயாளியேதான். இயந்திரம் வழியை மட்டும் திறந்து வைக்கிறது.

காற்றை ஊத என்ன செய்தார் தெரியுமா? வேக்குவம் கிளீனர் மோட்டார். அதை வேகம் கூட்டிக் குறைக்கிற மாதிரி அமைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்தார். மூக்குக்கு ஒரு மாஸ்க். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒரு கட்டத்தில் அடைப்பு நின்றது. அந்த மனிதர் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்தார். அழுத்தத்தைக் குறைத்தால் அடைப்பு திரும்ப வந்தது. கூட்டினால் போயிற்று. நம் லேபில் வால்வைத் திறந்து மூடி ரீடிங் எடுப்பது போல! இரவு முழுக்க அப்படியே ஓடவிட்டார். காலையில் அந்தத் தொழிலாளி பல வருஷங்களாக இல்லாத தெளிவோடு எழுந்தார்.

ஒரு ஆளோடு நிறுத்தினால் அது ஆராய்ச்சி ஆகாது. மொத்தம் ஐந்து நோயாளிகளிடம் செய்து பார்த்து, 1981ல் 'லான்செட்' மருத்துவ இதழில் சல்லிவனும் சகாக்களும் வெளியிட்டார்கள். தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீர்மட்டம் வரை. நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் யூ-டியூப் மானோமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? தம்பிகளே, வீடியோ பார்க்கிற யூடியூப் இல்லை! அதில் சில விரற்கடை அளவுதான். காற்று மண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. அந்தச் சின்ன அழுத்தத்துக்குத்தான் அதுவரை கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் அவருடைய பெருமை எது என்று சரியாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து காற்றழுத்தம் கொடுப்பது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. பிறந்த குழந்தைகளின் நுரையீரலுக்காக அமெரிக்காவில் கிரெகரி என்ற டாக்டர் 1971லேயே அதை வெளியிட்டுவிட்டார். வேக்குவம் கிளீனரும் பழசு. மாஸ்க்கும் பழசு. அடைப்பு எங்கே நடக்கிறது, அதற்கு எவ்வளவு போதும் என்று தெரிந்து, மூன்றையும் சரியான இடத்தில் சேர்த்ததுதான் அவர் வேலை. இன்ஜினியரிங் என்று நாம் சொல்வதும் இதைத்தானே?

முதல் கருவிகள் ஒன்றும் அழகாக இல்லை. இரைச்சல் அதிகம். ஒவ்வொருவருடைய மூக்குக்கும் பிளாஸ்டரில் அச்செடுத்து மாஸ்க் செய்வார்கள். தினமும் இரவு சிலிக்கோன் பசை தடவி முகத்தில் ஒட்ட வேண்டும், காலையில் உரித்துக் கழுவ வேண்டும். அப்படியும் நோயாளிகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி ராத்திரி ஒட்டிக்கொண்டார்கள் என்றால், தூக்கம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய பொருளாக இருந்திருக்கும்! பிறகு 1989ல் சிட்னியில் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கியது. இன்று ரெஸ்மெட் என்று உலகம் முழுக்கத் தெரிந்த கம்பெனி அது. லான்செட் கட்டுரையில் உடன் எழுதிய மைக்கேல் பெர்தன்-ஜோன்ஸ், தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியை உருவாக்கினார்.

இது அபூர்வ நோயா? இல்லை. 1993ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயது வரை வேலைக்குப் போகும் 602 பேரைப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் அடைப்பு ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். அத்தனை பேருக்கும் பகல் தூக்கத் தொல்லை இல்லை, அது உண்டானவர்கள் குறைவுதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், இந்த ஹாலில் எத்தனை பேர்?

இயந்திரம் வந்துவிட்டது, எல்லாம் தீர்ந்தது என்று சொல்லி முடித்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். 2016ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை ரத்தக்குழாய் நோய் உள்ள 2,717 பேரை ஏழு நாடுகளில் கவனித்தார்கள். பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. அவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. 2021ல் இன்னொரு பாடம். இரைச்சலைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கலாம் என்று தெரிந்து, ஒரு பெரிய உற்பத்தியாளர் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஒரு பிரச்சினையைத் தீர்க்க வைத்த பாகமே இன்னொரு பிரச்சினை. டிசைன் படிக்கும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு எழுதிக் கொடுத்த அழுத்தம் 9 செ.மீ. முதல் வாரம் படுமோசம். மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருக்கிறேன். என் பெண் "அப்பா யானை மாதிரி இருக்காரு" என்று சிரித்தாள். இரண்டாவது வாரம் ஒரு காலை, பல வருஷங்களுக்குப் பிறகு, கனவு கண்டது நினைவிருந்தது. மனைவியைப் பார்த்தேன். அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு இனி இல்லை.

அன்றைக்கு எனக்கு டீசல் ஞாபகம் வந்தது.

போன் செய்தேன். பதினாலு வருஷத்தில் கல்யாணம், காதுகுத்துக்குப் பேசியதோடு சரி. 29 வயசிலிருந்து பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றான். டிகிரியை இரண்டு வருஷம் தாமதமாக முடித்தவன். மூன்று வேலை மாறியிருக்கிறான். "டேய், நீ ஒரு டெஸ்ட் எடு" என்றேன். சிரித்தான். அவன் மனைவியிடம் பேசினேன். "தங்கச்சி, இவன் ராத்திரி மூச்சு நின்னு நின்னு விடுறானாம்மா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றார்.

டெஸ்ட் எடுத்தான். மணிக்கு 63.

கல்லூரி நாளிலேயே அவனுக்கு இது இருந்ததா என்று இன்று யாரும் சோதிக்க முடியாது. ஆனால் நின்று நின்று கிளம்பிய அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. நான்தானே பதிவு செய்தவன்? மெஷின் வாங்கி இரண்டு மாதம் கழித்து அவன் கூப்பிட்டான். "இத்தனை வருஷமா நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டு இருந்தேன்டா" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான்கு கேள்விகள். 2008ல் டொராண்டோவில் டாக்டர் பிரான்சிஸ் சுங்கும் குழுவினரும் வகுத்துக் கொடுத்த கேள்விகளில் இவை உண்டு. சத்தமாகக் குறட்டை உண்டா? பகலில் அடிக்கடி அசதியும் தூக்கமுமா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? இதில் இரண்டுக்கு ஆமாம் என்றால் டாக்டரைப் பாருங்கள். கூடவே உடல் பருமன், 50ஐத் தாண்டிய வயது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது இவையும் கணக்கில் வரும். டெஸ்ட் எடுக்காமல் மெஷின் வாங்காதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், அந்த வழிக்குப் போகாதீர்கள். எடை குறைத்தால் பலருக்குக் குறையும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தாலே சிலருக்குக் குறையும்.

மூன்றாவது கேள்வியைக் கவனித்தீர்களா? அதற்குத் தூங்குகிறவனால் பதில் சொல்ல முடியாது. அறை நண்பன்தான் சொல்ல வேண்டும். உங்கள் அறையில் ஒரு டீசல் இருந்தால் பதிவு செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் மைக்கில் போடாதீர்கள். அவனுக்குப் போட்டுக் காட்டி, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு விண்ணப்பம். கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களில் பெரும்பாலோர் முந்தின இரவு கண் விழித்தவர்கள்தான். எழுப்புங்கள், திட்டுங்கள். ஆனால் தினமும் தூங்குகிற ஒருவனை ஒரு தடவை தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி எப்படிப்பா தூங்குறே?" என்று கேளுங்கள்.

பெயரைச் சொல்லாமல், இந்தக் கதையைச் சொல்லலாம் என்று நண்பனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவன் இந்த ஹாலில்தான் இருக்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதை மேடையிலிருந்து பார்க்கிறேன். ஹாஸ்டல் டே அன்று மைக்கில் செய்த தப்புக்கு, அதே கல்லூரியில் மைக்கில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மன்னிச்சுக்கடா.